என் பெயரில் ஓடியவள்

1

இங்கே ஓடுவதற்கு விண்ணப்பம் போட வேண்டும். ஊரில் இருக்கிற உங்களுக்கு இதை எப்படிச் சொன்னால் விளங்கும் என்று தெரியவில்லை. நம் பக்கத்தில் நாய் துரத்தினால் ஓடுவோம், சேலம் பஸ் கிளம்பிவிட்டால் ஓடுவோம். இந்தக் கனடாவில், எட்மன்டன் நகரத்தில், வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடுவதற்கு எட்டு மாதம் முன்பே பெயர் கொடுத்து, பிறந்த தேதி கொடுத்து, வழியில் செத்துப்போனால் உங்கள் மேல் பழியில்லை என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அதன் பிறகு, சட்டையில் குத்திக்கொள்ள ஒரு எண் தந்தார்கள். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். வடக்கனந்தலிலிருந்து சின்னசேலம் போய்த் திரும்பி வந்தாலும் அவ்வளவு தேறாது.

ஓட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது வலது முட்டி பந்தாக வீங்கிவிட்டது. சோபாவில் காலை நீட்டி, உறையவைத்த பட்டாணிப் பொட்டலத்தை முட்டிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மகள் யாழினி வந்தாள். பதினேழு வயது, பள்ளிக்கூடத்து ஓட்டக் குழுவில் இருக்கிறாள். அவளுடைய தமிழ் உங்களுக்குத் தெரியாது. அத்தி பூத்தாற்போல் வரும்.

"அம்மா, நோ பிராப்ளம். உன் நம்பர் எனக்குக் குடு. நான் ஓடுறேன். உன் பேர்லதான் ரிசல்ட் வரும். யாருக்குத் தெரியும்?"

பட்டாணிப் பொட்டலம் சுவரில் போய் மோதிக் கிழிந்தது. எறிந்தது நான்தான். "செருப்பு பிஞ்சிடும்!" என்று கத்தினேன். அந்த வாக்கியத்தை அவள் பிறந்ததிலிருந்து என் வாயால் கேட்டதில்லை. அர்த்தம் புரிந்திருக்காது, ஆனால் சத்தம் புரிந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"புள்ள உதவி பண்றேன்னுதான சொல்லிச்சு. அதுக்கு இன்னாத்துக்கு இப்படி எரிஞ்சு வுழற?" என்றார் என் கணவர் சேகர். அவரும் நம் பக்கத்து ஆள்தான், நைனார்பாளையம். தரையெல்லாம் உருண்டு கிடந்த பட்டாணியைப் பொறுக்க ஆரம்பித்தேன். சேகருக்குச் சொல்லாத பதிலை உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

2

நாற்பத்து மூன்று வயதில் இந்தப் பைத்தியம் எதற்கு என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஜனவரி மாதம் விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து, கால்சட்டைக்கு மேல் கால்சட்டை, சட்டைக்கு மேல் சட்டை என்று வெங்காயம் மாதிரி சுற்றிக்கொண்டு வெளியே இறங்கும்போதெல்லாம் நானே அதைத்தான் கேட்டுக்கொண்டேன். மைனஸ் இருபத்தைந்து பாகைக் குளிர். கண்ணிமை மயிரில் பனி பிடித்து இரண்டு இமையும் ஒட்டிக்கொள்ளும். பனியில் வழுக்காமலிருக்கச் செருப்புக் கடைக்காரன் கொடுத்த ஆணிப் பட்டையைக் காலணியில் மாட்டிக்கொண்டு, ஆற்றங்கரைப் பாதையில் நறநறவென்று நடக்காத குறையாக ஓடுவேன். அதற்குமேல் ஒன்பது மணி நேரம் முதியோர் இல்லத்தில் வேலை. தாத்தாக்களைத் தூக்கி உட்காரவைக்க வேண்டும், திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். இடுப்பு கழன்றுவிடும். மறுபடி மறுநாள் ஐந்தரை.

தனியாக ஓடினால் விழுந்து கிடந்தாலும் நாதியில்லை என்று ஒரு குழுவில் சேர்ந்தேன். முதல் நாள் ஓடி முடித்ததும், நம் வழக்கப்படி "போய்ட்டு வரேன்" என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். குழுத்தலைவி, பாவம், நல்ல மனுஷி, நான் திரும்பி வருவேன் என்று அந்தக் குளிரில் இருபது நிமிடம் நின்றிருக்கிறாள். அடுத்த வாரம் முழுக்க என்னைக் கேலி செய்தார்கள். சிரித்து வைத்தேன். சிரித்து வைப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

பெயர் விவகாரம் வேறு. விண்ணப்பத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். நமக்கு ஏது கடைசிப் பெயர்? கடவுச்சீட்டு எடுத்தபோது எவரோ அப்பா பெயரைக் கொண்டுபோய் அங்கே போட்டுவிட்டார்கள். அதனால் இந்த நாட்டில் நான் கோவிந்தன். ஆஸ்பத்திரியில் கோவிந்தன், வங்கியில் கோவிந்தன். போன வசந்தத்தில் பாதி மாரத்தான் ஓடினேன். முடிவுப் பட்டியலில் கடைசிப் பெயர் மட்டும்தான் போடுவார்களாம்; தேடிப் பார்த்தால் பெண்கள் பிரிவில் கோவிந்தன் என்று இருக்கிறது. ஆறு மாதம் நாய்படாத பாடு பட்டு ஓடியது நான், பெயர் வந்தது செத்துப்போன எங்கப்பாவுக்கு. திருத்தச் சொல்லி நான்கு தடவை மின்னஞ்சல் போட்டேன். கடவுச்சீட்டில் இருப்பதுதான் வரும் என்று நான்கு தடவையும் ஒரே பதில்.

சேகர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். ஒருத்தி ஓட, வேறொருத்தர் பெயர் வந்தால் ஓடியவளுக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இருபத்தேழு வருஷம் கழித்து.

3

அவள் பெயர் கொளஞ்சி. என்னோடு வடக்கனந்தலில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவள். காலனியிலிருந்து வருவாள். அவள் அம்மா எங்கள் வயலில் களையெடுப்பவர், கரும்பு வெட்டும் காலத்தில் கட்டுத் தூக்குபவர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டில் ஒன்று சொன்னால் அவர்கள் வீட்டில் இல்லை என்று சொல்லும் வழக்கம் அப்போது கிடையாது. மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து நீங்களே புரிந்துகொள்ளலாம்.

ஓட்டத்தில் அவளுக்குப் பக்கத்தில் நான் தூசி. விடியற்காலையில் இரண்டு பேரும் கச்சிராயபாளையம் சாலையில் கோமுகி அணை வரைக்கும் ஓடுவோம். ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர்காரர்கள் விசிலடிப்பார்கள். பொம்பளைப் பிள்ளைகள் டவுசரோடு ஓடினால் ஊர் சிரிக்கும் என்று பாவாடைக்குள் டவுசர் போட்டு, ஊர் தாண்டியதும் பாவாடையைச் சுருட்டி இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடுவோம். ஞாயிற்றுக்கிழமையென்றால் கல்வராயன் மலைச் சாலையில் முதல் இரண்டு வளைவு வரைக்கும் ஏறுவோம். இரண்டாவது வளைவில் அவள் எனக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வேர்த்திருக்காது. வெறுங்கால். வீட்டில் நீராகாரம் குடித்திருந்தால் அதிகம்.

"வாய மூடிக்கினு ஓடுடி. வாய்ல மூச்சு வுட்டா சீக்கிரம் பூடும்," என்பாள். அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

பதினேழு வயதுக்குட்பட்டவர்களுக்கான மாவட்டப் போட்டி வந்தது. மூவாயிரம் மீட்டர். அப்போது நமக்கு விழுப்புரம்தான் மாவட்டம். பள்ளிக்கு ஒருத்திதான் போகலாம். கொளஞ்சிதான் என்று எல்லாருக்கும் தெரியும். விளையாட்டு வாத்தியார் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். அதில்தான் இடித்தது.

நம் பக்கத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது எப்படி வயது போடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து. பிறகு ஜூன் மாதத்தில் ஒரு தேதி. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஜூனில் பிறந்தவர்கள்தான். கொளஞ்சியின் அம்மா கரும்பு வெட்டப் பிள்ளையோடு வெளியூர் போய்விட்டு, இரண்டு வருஷம் தாமதமாக அவளைக் கொண்டுவந்து சேர்த்தார். பிள்ளை நெடுநெடுவென்று இருந்தாள். கை காதைத் தொட்டுக் கழுத்து வரைக்கும் போயிற்று. தலைமையாசிரியர் பார்த்துவிட்டு எட்டரை என்று எழுதினார். நானும் ஏழு வயதில்தான் பள்ளியில் சேர்ந்தவள். உண்மையில் அவள் என்னைவிட நாலு மாதம் சின்னவள். காகிதத்தில் என்னைவிட ஒன்றரை வருஷம் பெரியவள். போட்டிக்கு வயது தாண்டிவிட்டது.

"நெசமான வயசுக்கு அவ ஓடலாம். காயிதத்துக்கு ஓடக் கூடாது. அவ்ளோதான?" என்றார் வாத்தியார். பிறகு என்னைப் பார்த்தார். "மலர்க்கொடி பேர எழுதுவோம். கொளஞ்சி ஓடட்டும். ஸ்கூலுக்குப் பேரு வரும். யாருக்குத் தெரியும்?"

எங்கப்பாவிடம் சொன்னார். அப்பா சரி என்றார். கொளஞ்சியிடம் யாரும் கேட்கவில்லை. அவளுக்கு விழுப்புரம் போக வேண்டும், ஓட வேண்டும், அவ்வளவுதான். பஸ்ஸில் வழி முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து என் பெயரையும் என் அப்பா பெயரையும் என் பிறந்த தேதியையும் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

மைதானத்தில் நான் படிக்கட்டில் உட்கார்ந்து, அவளுடைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஏழரை எங்கே பிடித்தது என்று யாராவது கேட்டால் அந்த ஏழரைச் சுற்றில்தான் என்பேன். ஐந்தாவது சுற்றில் அவள் தனியாகப் போய்விட்டாள். பின்னால் வந்தவளுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு பஸ் போகலாம். பதினோரு நிமிடமும் கொஞ்சமும். ஒலிபெருக்கியில் "முதலிடம், மலர்க்கொடி!" என்றார்கள். அவள் எழுந்து போய்ப் பரிசு மேடைப் பெட்டிமேல் ஏறி நின்றாள். நான் கை தட்டினேன். என் பெயருக்கு நானே.

இறங்கி வந்ததும் சான்றிதழை என் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

மாநிலப் போட்டிக்கு விண்ணப்பத்தில் புகைப்படம் ஒட்ட வேண்டும் என்றார்கள். மலர்க்கொடிக்குக் காலில் சுளுக்கு என்று வாத்தியார் எழுதிக் கொடுத்துவிட்டார். கொளஞ்சி அதற்கப்புறமும் ஒரு வாரம் விடியற்காலையில் வந்து எங்கள் வீட்டுத் தெருமுனையில் நின்றுவிட்டுப் போனாளாம். நான் எழுந்து போகவில்லை. பத்தாம் வகுப்போடு அவள் நின்றுவிட்டாள்.

4

அந்தக் காகிதம் என்னைச் சும்மா விடவில்லை. செவிலியர் கல்லூரியில் விளையாட்டுப் பிரிவில் ஓர் இடம் இருந்தது. என் மதிப்பெண்ணுக்கு வேறெந்த வழியிலும் அந்தக் கட்டடத்தின் வாசலைக்கூட மிதித்திருக்க முடியாது. காகிதத்தை நீட்டினேன், இடம் கிடைத்தது. கல்லூரி விளையாட்டு விழாவில் ஓடச் சொன்னபோதெல்லாம் பழைய சுளுக்கு என்றேன். செவிலியர் என்பதால் சேகர் வீட்டில் பெண் கேட்டார்கள். செவிலியர் என்பதால் இந்த நாட்டுக்கு விசா வந்தது.

வந்தபின் என்ன ஆயிற்று தெரியுமா? என் செவிலியர் படிப்பை இவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. இந்தப் பாடத்தில் மணி நேரம் குறைவு, அந்தத் தாளில் முத்திரை தெளிவாக இல்லை. கல்லூரிக்குக் கடிதம், இவர்களுக்குக் கடிதம், மூன்று வருஷம் எழுதி ஓய்ந்தேன். கடைசியில் முதியோர் இல்லத்தில் உதவியாள். வேலைதானே, கேவலமில்லை. ஆனால் கொளஞ்சியின் காலை வாங்கிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்து, அதையும் உருப்படியாகப் பயன்படுத்தவில்லையே என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

சான்றிதழ் இப்போதும் இருக்கிறது. எங்கள் வீட்டு நடையில், கண்ணாடிச் சட்டத்துக்குள். மாட்டியது நானில்லை, யாழினி. எட்டு வயதில் என் பெட்டியைக் குடைந்து கண்டுபிடித்தாள். பள்ளியில் 'என் வீட்டு வீரர்' என்று ஏதோ பேசச் சொல்லியிருந்தார்கள். எடுத்துக்கொண்டு போய்ப் பேசிவிட்டு வந்தாள். அப்புறம் அவளே ஓட ஆரம்பித்தாள். எங்களோடு சாப்பிட உட்காருவதில்லை, கோயிலுக்கு வருவதில்லை, ஊர்ப் பேச்சென்றால் காதில் குழாயை மாட்டிக்கொள்கிறாள். ஆனால் ஒவ்வொரு போட்டிக்கும் கிளம்பும்போது அந்தச் சட்டத்தை இரண்டு விரலால் தொட்டுவிட்டுப் போவாள். எனக்கும் அவளுக்கும் நடுவே மிச்சமிருப்பது அந்த ஒன்றுதான். அது பொய் என்று எந்த வாயால் சொல்ல?

இதைப் பத்திரிகையில் எழுத எப்படித் துணிந்தாய் என்று கேட்கலாம். துணிச்சலும் இல்லை, மண்ணும் இல்லை. என் மகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நான்தான் சொல்லிக் கொடுக்காமல் விட்டேன். இப்போது அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எழுதுகிறேன்.

5

போன வருஷம் ஆடி மாதம் ஊருக்கு வந்திருந்தேன், யாழினியையும் கூட்டிக்கொண்டு. அப்பா இறந்தபின் நிலத்தை என் தம்பி கணேசன் பார்க்கிறான். அவனுடைய கரும்புத் தோட்டத்தில் காய்ந்த இலைச் சோகை உரித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது.

"இன்னா மலரு... எப்ப வந்தீங்க?"

என்னை 'டி' போட்டுப் பேசிய கொளஞ்சியின் வாயில் 'ங்க'. மோட்டார் கொட்டகை நிழலுக்குக் கூப்பிட்டேன். இரண்டு கையையும் தொடையில் ஊன்றி, காலை அகட்டி அகட்டி நடந்து வந்தாள். முட்டி இரண்டும் போய்விட்டதாம். மலை வளைவில் எனக்காகக் காத்திருந்த கால்கள்.

அவளுக்கென்று ஒரு ஜோடி ஓட்டக் காலணி வாங்கி வந்திருந்தேன்; தம்பியின் வண்டியில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். என் புத்தியைப் பாருங்கள். அவள் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள், பஞ்சு மாதிரி இருக்குதுங்க என்றாள், கீழே வைத்தாள்.

"கொளஞ்சி, உனக்கு நான் பெரிய பாவம் பண்ணிட்டேன். உனக்கு இன்னா வேணும் சொல்லு. எது வேணுன்னாலும் கேளு."

"அய்ய, எனக்கு இன்னா வேணும்? ஒண்ணும் வேணாங்க." கொஞ்ச நேரம் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "கண்ணாலம் ஆன புதுசுல எங்க வூட்டுக்காரருகிட்ட ஒரு தபா சொல்லிட்டேங்க, நான் ஓட்டத்துல டிஸ்டிரிக்ட்ல பஸ்ட்டு வந்தவன்னு. பேப்பர் இருந்தா காட்டுன்னாரு. எங்கிட்ட ஏது பேப்பரு? அன்னியிலேர்ந்து எம் பேரே 'டிஸ்டிரிக்ட்டு'ன்னு ஆயிப்போச்சு. 'ஏ டிஸ்டிரிக்ட்டு, சோறு போடு.' 'ஏ டிஸ்டிரிக்ட்டு, இன்னா புளுவுற?' தெருவே அப்டிதாங்க கூப்புடுது. எம் புள்ளகூட. நான் வாயத் தொறந்து இன்னா சொன்னாலும், 'தோ பார்றா, டிஸ்டிரிக்ட்டு அளக்குது'ன்னுவாங்க. அவரு கெட்டவரு இல்லீங்க. வெளாட்டுக்குச் சொல்றதுதான். நீங்க அவராண்ட ஒரு வார்த்த சொல்லணும். அன்னிக்கி ஓடினது இவதான்னு. அது போதும்."

ஒரு வார்த்தை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தேன்.

அரை மணி நேரத்தில் அவள் வீட்டுக்காரர் வீராசாமி வந்தார். கணேசனுடைய டிராக்டர் ஓட்டுவது அவர்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். கணேசன் வண்டியருகே நின்றிருந்தான். யாழினி பக்கத்தில் கைப்பேசியை நீட்டி எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இவருதான் நம்ம டிரைவரு. இவரு வூட்டுக்காரம்மாவப் பாத்தல்ல? டிஸ்டிரிக்ட்டு!" என்று கணேசன் சொல்லிவிட்டுச் சிரித்தான். நாங்கள் விழுப்புரம் போனபோது அவன் சின்னப் பையன், அவனுக்கு ஒன்றும் தெரியாது. வீராசாமியும் சிரித்தார். "ஆமாங்க. உங்க கூட ஓடிச்சாமே, உங்களயே ஜெயிச்சிச்சாமே! கத கதையா வுடும்ங்க அது."

கொளஞ்சி என்னைப் பார்த்தாள். யாழினி கைப்பேசியை என் முகத்துக்கு நேராகத் திருப்பினாள். "ஓடு" என்ற சொல் அவளுக்குப் புரியும். அம்மா சாம்பியன் என்று பெரியவர்கள் பேசுவதாக நினைத்துப் பூரிப்போடு நின்றிருந்தாள். சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கு நுனியில்தான் இருந்தது.

நான் சிரித்தேன்.

அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். அவ்வளவுதான் செய்தேன். கொளஞ்சி குனிந்து அரிவாளை எடுத்துக்கொண்டு கரும்புக்குள் போனாள். காலணிப் பெட்டி கொட்டகையிலேயே கிடந்தது.

கனடா திரும்பிய வாரமே மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தேன். பாதியில்லாமல் ஒரு தடவையாவது முழுசாக, நிஜமாக ஓடி, ஓடினவள் என்று ஆகிவிட்டால் அப்புறம் யாழினியிடமும் சொல்லலாம், வீராசாமியிடமும் சொல்லலாம் என்று ஒரு கணக்கு. ஒரு வாக்கியம் சொல்வதற்குப் பயந்துகொண்டு நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடத் தயாரானவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

6

முட்டியில் பட்டை போட்டு இறுக்கிக்கொண்டு ஓடினேன். வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

முதல் பத்து கிலோமீட்டர் கூட்டத்தோடு போய்விட்டது. இருபத்தைந்தில் கால் விரல் நகமொன்று கழன்றது தெரிந்தது. யாழினி முப்பதாவது கிலோமீட்டரில் வாழைப்பழத்தோடு நின்றிருந்தாள். பட்டாணி எறிந்த நாளிலிருந்து என்னோடு பேசாதவள், "கோ அம்மா, கோ!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். நான் பழத்தை வாங்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்காமல் போனேன்.

முப்பத்தாறில் எல்லாம் தீர்ந்தது. கால் இரண்டும் வேறு யாருடையதோபோல் தனியாகப் போயின. வாந்தி வந்தது. நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். தன்னார்வலப் பையன் ஓடி வந்து வண்டியைக் கூப்பிடவா என்று கேட்டான். வாயை மூடிக்கினு ஓடுடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழுந்தேன். பிறகு நடந்தேன், நொண்டினேன், நடுநடுவே ஓடுவதுபோல ஏதோ செய்தேன். ஐந்தே முக்கால் மணி நேரம். கூட்டம் கலைந்து, தடுப்புகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கிக்காரர் மட்டும் என் எண்ணைப் பட்டியலில் பார்த்து, "இதோ வருகிறார், கோவிந்தன்!" என்று கத்தினார்.

பதக்கத்தைக் கழுத்தில் போட்டார்கள். ஏதாவது இறங்கும், பாரம் குறையும் என்று நின்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. பசித்தது, குளிர்ந்தது, முட்டி வலித்தது. அவளுடைய அந்தப் பதினோரு நிமிடத்துக்கு என்னுடைய ஐந்தே முக்கால் மணி நேரம் உறைபோடக் காணாது. அது எனக்கு முப்பத்தாறாவது கிலோமீட்டரிலேயே தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் யாழினி பதக்கத்தை என் கழுத்திலிருந்து கழற்றி, நடையில் அந்தச் சான்றிதழ்ச் சட்டம் தொங்குகிற அதே ஆணியில் மாட்டினாள். தள்ளி நின்று படம் எடுத்தாள்.

7

அன்று இரவு எட்டு மணிக்குக் கூப்பிட்டேன். ஊரில் மறுநாள் காலை ஏழரை. கொளஞ்சியின் எண்ணை வீராசாமி எடுத்தார்.

"அலோ, யாரு?"

"நான் மலர்க்கொடி பேசறேங்க. கோவிந்தன் பொண்ணு, கனடாவுலேர்ந்து."

"அட, சொல்லுங்க! அது வேலைக்குப் பூட்டுதுங்களே. போனை வூட்லயே வச்சிட்டு."

"உங்ககிட்டதாங்க பேசணும்." மூச்சை இழுத்துக்கொண்டு ஒரே ஓட்டமாகச் சொன்னேன். "விழுப்புரத்துல அன்னிக்கி ஓடினது கொளஞ்சிதாங்க. நான் இல்ல. வயசு இடிச்சதுன்னு எம் பேர எழுதி அவள ஓட வச்சாங்க. பஸ்ட்டு வந்தது அவதான். அந்தச் சர்ட்டிபிகேட்டு அவளோடது. அவ ஒரு நாளும் பொய் சொல்லலீங்க."

அவர் சிரித்தார். மரியாதையான சிரிப்புதான்.

"பெரிய மனசுங்க உங்களுக்கு. கூடப் படிச்ச பொண்ணு, கேட்டுக்கினதும் பாவம் பாத்து சொல்றீங்க."

"ஐயோ, இல்லீங்க. சத்தியமா. என் பொண்ணு மேல சத்தியமா."

"சத்தியமெல்லாம் இன்னாத்துக்குங்க? சரி, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சிக்காதீங்க. சர்ட்டிபிகேட்டுல யாரு பேரு போட்டிருக்குது?"

"எம் பேருதான். ஆனா..."

"போன ஆடியில எல்லாரும் ஒண்ணா நின்னுக்கினு இருந்தோம். அது நெசமா இருந்தா நீங்க அங்கயே சொல்லியிருப்பீங்க இல்ல? எங்க கூட சேந்து நீங்களுந்தான சிரிச்சீங்க?"

"வச்சிடறேங்க, வண்டி எடுக்கணும்," என்று வைத்துவிட்டார்.

நான்கு நாள் கழித்துக் கொளஞ்சி கூப்பிட்டாள். அவளாக என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கரும்புச் சோகையில் காற்று அடிக்கிற சத்தம் கேட்டது.

"ஏன்டி சொன்ன?"

இருபத்தேழு வருஷம் கழித்து 'டி' வந்தது.

"கனடாவுக்குப் போன் போட்டுக் கெஞ்சி, பெரிய வூட்டுப் பொண்ணயே பொய் சொல்ல வச்சிருக்குதுன்னு டீக்கடையில சொல்லி சிரிச்சிருக்காரு. எம் புள்ள மொகத்தத் தூக்கி வச்சிக்கினு, 'ஏம்மா எங்க மானத்த வாங்கற'ன்றான். அதுக்கு முன்ன வெறும் வெளாட்டா இருந்திச்சு. அன்னிக்கி நேர்ல ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதுமேடி."

"நான் ஊருக்கு வரேன் கொளஞ்சி. எல்லார் முன்னாடியும் நின்னு சொல்றேன்."

"வாணாம். இனிமே யாராண்டயும் சொல்லாத. வுட்டுடு." கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். களைத்துப்போய்ச் சொன்னாள். வைத்துவிடுவாள் என்று நினைத்தபோது, கேட்டாள். "நீ ஓடினியாமே? கணேசன் சொன்னாரு."

"ஓடினேன்."

"எத்தினி தூரம்?"

"நாப்பத்திரண்டு கிலோமீட்டரு."

"அடேயப்பா! வாய மூடிக்கினு ஓடினியா?"

"ம்."

"பேப்பர் குடுத்தாங்களா?"

"மெடல் குடுத்தாங்க. பேப்பரும் அனுப்புவாங்களாம்."

"பத்தரமா வச்சிக்கடி," என்றாள். "கேப்பாங்க."